மோடம் உங்களுதுங்களா?

வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று புகார் கொடுக்கப் போனால் எல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. எந்த நேரத்தில் வேகம் குறைகிறது, வயரிலா வைஃபையிலா, எந்தத் தளத்தில் என்றெல்லாம் நாம் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருப்போம். எதிர்முனையில் இருக்கிற பெண் கணக்கு எண்ணைத் தட்டிவிட்டு, "மோடம் எங்க கம்பெனிதுங்களா, உங்களுதுங்களா?" என்பார். நம்முடையது என்று சொன்னதுமே அவர் குரலில் ஒரு நிம்மதி வந்துவிடும். அதற்கு மேல் அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆள் அனுப்புகிறோம் சார், ஆனால் வெளி மோடத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா, நன்றி.

இந்தப் பதிலில் என்னை உறுத்துவது அது பொய்யில்லை என்பதுதான். பொய்யாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். பாதி உண்மை. அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பாதியை எப்படி நம் தலையில் கட்டுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிரச்சினை தீர்ந்துவிட்டது, 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 195 வருகிறது, இருந்தும் மனசு ஆறவில்லை. சரி, எழுதியாவது தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சொந்தப் பெட்டிக்கு ஏன் ஆசைப்பட்டேன்

கோயம்புத்தூரில் துடியலூர் பக்கம் எங்கள் வீடு. தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவரே இப்போது ஒரு பெரிய கம்பெனிக்கு உள்ளூர் ஆளாக இருந்து ஃபைபரும் கொடுக்கிறார். மாதக் கட்டணம் கம்பெனிக்கு, லைன் அறுந்தால் கேபிள்காரர், வேகம் குறைந்தால் யார் என்பதில்தான் எப்போதும் குழப்பம். இணைப்போடு அவர்கள் கொடுத்த மோடம் பெட்டி வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். அந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று, எங்கள் மாடியில் நின்று போனைத் திறந்தால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் திரை முழுக்க வரிசை கட்டி நிற்கும். எல்லாரும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கிறோம். சேனலையாவது மாற்றலாம் என்றால் பெட்டியின் உள்பக்கம் பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் கம்பெனியிடம். தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸை மாற்ற முடியாது, பையனுடைய டேப்லெட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் நெட்டை நிறுத்தி வைக்க முடியாது. என் வீட்டு அலமாரியில், என் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற பெட்டிக்குள் எனக்கு அனுமதி கிடையாது.

அவர்களுடைய பெட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு நல்ல ரவுட்டரை மாட்டிக்கொண்டால் போயிற்று என்று நண்பர்கள் சொன்னார்கள். நியாயமான யோசனை. எங்கள் வீட்டில் அதற்கு இடைஞ்சலாக இருந்தது கரண்ட். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும், வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் மீட்டிங்கின் நடுவே காணாமல் போக முடியாது என்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெட்டி ஓடும். இரண்டு பெட்டி என்றால் இரண்டு யூபிஎஸ், இரண்டு அடாப்டர், டிவிக்குப் பின்னால் இன்னொரு வயர்க் கூடு. ஃபைபரையும் வாங்கிக்கொண்டு, இரண்டு அலைவரிசை வைஃபையும் கொடுக்கிற ஒரே பெட்டி ஆன்லைனில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது. வாங்கிவிட்டேன்.

இதில் எனக்குப் பழைய காலத்துத் துணிச்சலும் கொஞ்சம் உண்டு. 2005 வாக்கில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது காந்திபுரத்தில் ஒரு கடையில், போன் லைனிலேயே நெட் கொடுக்கிற ஏடிஎஸ்எல் மோடம் வாங்கி, விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்ணைப் போட்டு, யூசர்நேம் கொடுத்தால் பச்சை விளக்கு எரிந்துவிடும். அது யாருடைய மோடம் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. செம்புக் கம்பியில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மொழி பேசினால் போதும். அந்த எண்கள் இன்னும் எனக்கு மனப்பாடம், பழைய லேண்ட்லைன் நம்பர் மறந்துவிட்டது. ஃபைபரிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே கதையே வேறு.

ஒரே இழையில் முப்பத்திரண்டு வீடு

வீட்டுக்கு வருகிற கண்ணாடி இழை நமக்கென்றே தனியாகக் கேபிள்காரர் அலுவலகம்வரை போவதில்லை. அலுவலகத்தில் ஓஎல்டி என்ற கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒரு இழை கிளம்பி, கம்பத்திலோ சுவரிலோ இருக்கிற ஸ்பிளிட்டரில் பிரிந்து பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், அது ஒளியைப் பங்கு போடுகிற கண்ணாடி, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் சுமார் 3 டெசிபெல் ஒளி குறையும். இப்படி இழையைப் பங்கு போடுகிற ஜிபான் என்ற முறையில் அந்த ஒரு இழையில் கீழே வருவது 2.488 ஜிபிபிஎஸ், மேலே போவது 1.244 ஜிபிபிஎஸ், அத்தனை வீட்டுக்கும் சேர்த்து. கீழே வருவது 1490 நானோமீட்டர் ஒளியில், மேலே போவது 1310ல்.

கீழே வருவதில் சிக்கல் குறைவு. எல்லார் டேட்டாவும் எல்லார் வீட்டுக்கும் வருகிறது, ஒவ்வொரு பெட்டியும் தனக்கானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேலே அனுப்புவதில்தான் ஒழுங்கு வேண்டும். இரண்டு வீட்டுப் பெட்டிகள் (ஓஎன்டி என்பார்கள்) ஒரே நேரத்தில் ஒளியை அடித்தால் ஓஎல்டிக்கு எதுவும் புரியாது. அதனால் நீ இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை பேசு, அப்புறம் அடுத்தவன் என்று ஓஎல்டி முறை வைத்துக் கொடுக்கிறது. முறை வைக்க வேண்டுமென்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்தும், பின்னால் எட்டு இலக்கமுமாக ஒரு சீரியல் நம்பர். அது ஓஎல்டியில் பதிவானால்தான் பெட்டிக்கு உயிர். பதிவானதும் உனக்கு எந்த விலான் (நெட்வொர்க்குக்குள் எந்தத் தனித் தடம்), எவ்வளவு வேகம், மேலே அனுப்ப எவ்வளவு பங்கு என்று ஓஎல்டியே பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இந்தக் குறிப்பைத்தான் புரொஃபைல் என்பார்கள்.

ஆக, காசு கொடுத்து நான் வாங்கியிருந்தாலும் ஃபைபர் பெட்டியில் பாதி அதிகாரம் கம்பெனிக்குத்தான். அவர்கள் பதிய வேண்டும், அவர்கள் வேகம் எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டில் "உங்க மோடம், நாங்க பொறுப்பில்லை" என்று சொல்ல எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பதிவு எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து கேபிள்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார். அந்த இன்னொருவர் யாரென்று எனக்குத் தெரியாது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்துவிட்டது. ஒளி அளவு மைனஸ் 20 டிபிஎம் பக்கம், மைனஸ் 27வரை தாங்கக்கூடிய கருவிக்கு அது வசதியான அளவு. வைஃபை வீட்டின் கடைசி அறைவரை போனது. எல்லாரும் சந்தோஷம்.

லைன் பார்க்கிற தம்பியின் தர்க்கம்

மறுநாள் பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போதுதான் கவனித்தேன். 200 வர வேண்டிய இடத்தில் 97, 98. வைஃபையைச் சந்தேகித்து லேப்டாப்பை வயரில் நேரடியாகச் சொருகினேன். அதே 97, 98. பெட்டியை அணைத்துப் போட்டேன், வேறு வயர் மாற்றினேன், வேறு சர்வரை வைத்துச் சோதித்தேன். அசையவில்லை.

புகார் கொடுத்து, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, லைன் பார்க்கிற தம்பி வந்தார். நல்ல பையன், வேலை தெரிந்தவர், வந்ததும் பவர் மீட்டரை வைத்து ஒளி அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் என்னைக் கூண்டில் ஏற்றினார்.

"அண்ணா, பழைய பெட்டியில 200 வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"புதுசுல வரலீங்களா?"

"வரல."

"அப்பறம் என்னங்ணா, நீங்களே சொல்லிட்டீங்க."

சொன்னதோடு விடவில்லை. அலமாரியில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துச் சொருகி, என் லேப்டாப்பிலேயே சோதித்துக் காட்டினார். 194. என் மனைவி காபி கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள், சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஒரே இழை, ஒரே வயர், ஒரே லேப்டாப், பெட்டி மட்டும் வேறு. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? "ஆன்லைன்ல வர்ற இந்த மாதிரிப் பெட்டியில போர்ட்டெல்லாம் 100 போர்ட்டுங்ணா. 200 எப்படி வரும்?" என்று முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது தவறான தர்க்கம் என்று யாரும் சொல்ல முடியாது. மலிவான பெட்டிகளில் பெயருக்கு ஒரு ஜிகாபிட் போர்ட்டும் மீதியெல்லாம் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுமாக வருவது உண்மை. ஜிகாபிட் போர்ட்டாகவே இருந்தாலும், வயருக்குள் இருக்கிற எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை என்றால் இணைப்பு தானாகவே 100க்கு இறங்கிவிடக்கூடும், ஏனென்றால் ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். எங்கள் கீழ்வீட்டில் சரியாக அதுதான் நடந்திருந்தது, பத்து ரூபாய் கனெக்டரை மாற்றியதும் தீர்ந்தது. ஆனால் என் லேப்டாப் இணைப்பை 1000 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "அது சும்மா காட்டுங்ணா" என்றார்.

நாலு எம்பிபிஎஸ் வித்தியாசம்

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு இரண்டு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாவது, இந்த 97 ஆடவே இல்லை. காலையில் 97, தெருவே ஐபிஎல் பார்க்கிற எட்டு மணிக்கும் 97, நடுராத்திரியும் 97. வைஃபையில் கோளாறென்றால் எண் குதிக்கும், கதவைச் சாத்தினால் மாறும். லைனில் நெரிசலென்றால் சாயங்காலம் விழுந்து விடிகாலையில் எழுந்திருக்கும். பெட்டியின் பிராசசர் திணறினால் ஒரு நேரம் 130 வரும், ஒரு நேரம் 80 வரும். யூசர்நேம் கொடுத்து இணைகிற பிபிபிஓஇ முறையில் டேட்டாப் பொட்டலங்களைப் பிரித்துக் கட்டுவது மலிவான பெட்டிகளுக்குப் பெரிய வேலை, அதில் திணறுகிற பெட்டிகள் நிறைய. ஆனால் அந்தத் திணறல் இப்படிக் கோடு போட்ட மாதிரி இருக்காது. இது யாரோ எங்கேயோ எழுதி வைத்த எண்.

இரண்டாவதுதான் முக்கியம். அவர் சொன்னபடி 100 போர்ட்டாக இருந்தால் 97 வரக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈதர்நெட்டில் 1500 பைட் பொட்டலம் ஒன்று கம்பியில் போகும்போது முன்னால் பின்னால் தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் இடத்தை அடைக்கிறது. அந்த 1500க்குள்ளும் ஐபி, டிசிபி தலைப்புகள் 40 பைட்டை எடுத்துக்கொண்டால் நமக்கு மிஞ்சுவது 1460. 1460ஐ 1538ஆல் வகுத்தால் 0.949. ஆக 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் எப்பேர்ப்பட்ட கோப்பை இறக்கினாலும் 95ஐத் தாண்டாது. அதனால்தான் 100 போர்ட் மாட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் சோதனை எப்போதும் 94 என்று காட்டும், கீழ்வீட்டிலும் 94தான் காட்டியது. எனக்கு வந்துகொண்டிருந்தது 97, 98. நாலு எம்பிபிஎஸ் அதிகம். குறைவாக வருகிறது என்று புகார் கொடுத்தவனுக்கு, அதிகமாக வந்த அந்த நாலுதான் கைகொடுத்தது. என் போர்ட் 100 போர்ட் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். லேப்டாப் சும்மா காட்டவில்லை.

அப்படியானால் 97 எங்கிருந்து வருகிறது? வேகத்தைக் கட்டுகிற கருவிகளில் 100 எம்பிபிஎஸ் என்பதைப் பெரும்பாலும் 100ஐ 1024ஆல் பெருக்கி 102400 கேபிபிஎஸ் என்று எழுதுவார்கள். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் எங்கள் இணைப்பில் பொட்டலம் 1500 கிடையாது, 1492. தலைப்புகள் போக நமக்கு 1452. ஓஎல்டி எண்ணுகிற ஈதர்நெட் பொட்டலம் 1518. 102.4ஐ 1452ஆல் பெருக்கி 1518ஆல் வகுத்தால் 97.9. எனக்கு எழுந்து போய் யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வமிருக்காது என்பதால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கேபிள்காரரைப் பிடித்தேன். வேகம் குறைவு என்று ஆரம்பித்தால் மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வருவார் என்று தெரியும். அதனால் வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ஓஎல்டியில என் சீரியல் நம்பருக்கு என்ன புரொஃபைல் போட்டிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவருக்குத் தெரியாது, கன்ட்ரோல் ரூம் ஆளை லைனில் சேர்த்தார். அவர் சீரியல் நம்பரைக் கேட்டார், கீபோர்டு சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "102400ன்னு இருக்குங்க" என்றார். என் பிளான் 200 ஆயிற்றே என்றேன். "ஆமாங்க. புதுசா ஓஎன்டி சேர்க்கறப்ப டீஃபால்ட் போட்டிருப்பாங்க. லைன்லயே இருங்க." அவ்வளவுதான். பெட்டியை அணைத்துப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. 195.

என் திட்டத்தின் வேகம் இரண்டு இடத்தில் எழுதியிருந்திருக்கிறது. யூசர்நேமுக்குக் கம்பெனி சர்வரில் 200. பெட்டியின் சீரியலுக்கு ஓஎல்டியில் 100. இரண்டில் எது குறைவோ அதுதான் நமக்கு. பழைய பெட்டி கம்பெனிப் பெட்டி, அதன் சீரியல் அவர்களுடைய கிடங்கிலிருந்தே கணினியில் ஏறி வருகிறது, திட்டத்தை மாற்றினால் கூடவே மாறுகிறது. என் பெட்டி வாட்ஸப் போட்டோவிலிருந்து ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்தது. அந்தத் தம்பி பழைய பெட்டியைச் சொருகிக் காட்டியபோது மாறியது பெட்டி மட்டும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பெட்டியோடு சேர்ந்து அவர்கள் பக்கத்துப் புரொஃபைலும் மாறியிருக்கிறது. அது அவர் கண்ணுக்கும் தெரியவில்லை, என் கண்ணுக்கும் தெரியவில்லை. சொந்த மோடம் போட்டால் வேகம் குறையும் என்று அவர் இன்றைக்கும் நம்புவார். நம்பட்டும், அவர் அனுபவத்தில் அது திரும்பத் திரும்ப உண்மையாகியிருக்கும். அதை உண்மையாக்குவது அவருடைய அலுவலகம்.

அவர்கள் பக்கமும் கொஞ்சம்

கம்பெனிக்காரர்களுடைய பயத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மேலே அனுப்புவதற்கு முறை வைத்திருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, ஒரு பெட்டி கெட்டுப்போய் முறை பார்க்காமல் தொடர்ந்து ஒளியை அடித்துக்கொண்டிருந்தால் அந்த ஸ்பிளிட்டரில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் இணையம் போய்விடும். ரோக் ஓஎன்டி, அதாவது அடங்காத பெட்டி என்பார்கள். 32 வீட்டில் எந்த வீடு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற கொடுமையெல்லாம் உண்டு. யாரோ ஒருவர் மலிவாக வாங்கிய பெட்டிக்காகத் தெருவே திட்டும், திட்டு வாங்குவது கேபிள்காரர். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் வீடுகளில் நான் போய்ப் பார்த்த மெதுவான இணையத்தில் பெரும்பாலானது வைஃபைதான், பெட்டியை பீரோவுக்குள் வைத்திருப்பதுதான். தினம் அதையே கேட்கிற பெண்ணுக்கு என் 97ஐக் கேட்கப் பொறுமை இருக்காது.

ஆனால் பயத்துக்கு ஒரு எல்லை வேண்டும், அந்த எல்லையை யாராவது கோடு போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மின்வாரியம் மீட்டர்வரை தன்னுடையது என்கிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் நான் எந்த மிக்ஸி வாங்கினாலும் கேட்பதில்லை, மிக்ஸி ஓடவில்லை என்று போனால் விரட்டிவிடும், அதுவும் நியாயம். வோல்டேஜ் குறைவு என்று போனால் மட்டும் மிக்ஸி யாருடையது என்று கேட்க முடியாது. ஜெர்மனியில் இந்தக் கோட்டைச் சட்டமாகவே போட்டார்கள். 2016 ஆகஸ்ட் 1 முதல் கம்பெனியின் நெட்வொர்க் சுவரில் இருக்கிற சாக்கெட்டோடு முடிகிறது, அதற்கு மேல் எந்த மோடம் வைப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம். இணைக்கத் தேவையான விவரங்களைக் கம்பெனி கேட்காமலேயே, கட்டணமில்லாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் "கேட்காமலேயே". ஃபைபருக்கு விலக்கு வேண்டும் என்று அங்கேயும் கம்பெனிகள் கேட்டுப் பார்த்தன, கட்டுப்பாட்டு அமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்னும் பழையது. ஏடி அண்ட் டி என்ற போன் கம்பெனி தன் லைனில் தன்னுடைய கருவியைத் தவிர வேறெதையும் மாட்டக்கூடாது என்று வைத்திருந்தது. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் ரேடியோவையும் போனையும் இணைக்கிற கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை வைத்து வழக்காடி, 1968ல் அங்கே தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்துகிற எஃப்சிசி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி சும்மா இருந்ததா? வெளிக் கருவியை மாட்டலாம், ஆனால் நடுவில் எங்களுடைய பாதுகாப்புப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து மாட்ட வேண்டும் என்றது. கருவிகளைச் சோதித்துப் பதிவு செய்கிற முறை 1970களில் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது. நெட்வொர்க் கெட்டுவிடும் என்ற பயம் அன்றைக்கும் இதே வார்த்தைகளில்தான் சொல்லப்பட்டது.

கம்பெனிப் பெட்டி என்றால் பத்திரம் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் சட்டம் வந்த அதே 2016, நவம்பர் கடைசியில் டாய்ச் டெலிகாமின் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேருக்கு இணையம் போயிற்று. பெட்டிகளைத் தூரத்திலிருந்து பராமரிப்பதற்கான 7547 என்ற போர்ட் வழியாக மிராய் வகைத் தீம்பொருள் நுழையப் பார்த்திருக்கிறது. கம்பெனி எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டியை வைத்தால் விழும்போது மொத்தமாக விழும்.

நம் ஊரில் எனக்கு இருக்கிற பாதுகாப்பு என்னவென்று தேடினேன். 2023 ஜனவரியில் அரசு பிராட்பேண்டின் வரையறையை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்தக் கணக்கில் நான் 97 எம்பிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு புலம்பிய பேராசைக்காரன். காசு கட்டுவது 200க்கு என்பதுதான் என் ஒரே வாதம்.

வேகம் சரியான அன்று மாலையே புகார் முடிக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. காரணம் என்ற இடத்தில் வாடிக்கையாளர் கருவிக் கோளாறு என்று போட்டிருந்தது. கூப்பிட்டுச் சண்டை போடலாமா என்று யோசித்தேன், அதற்கும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் மச்சான் கூப்பிட்டு, மேட்டுப்பாளையம் வீட்டுக்கு ஃபைபர் எடுக்கிறோம், மாப்ளே, நீங்க வாங்கின பெட்டியே வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர்கள் பெட்டியையே வாங்கிக்கொள்ளுங்கள், அதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்துகிற மாதிரி) போட்டுத் தரச் சொல்லுங்கள், வைஃபைக்கு மட்டும் பின்னால் நல்ல ரவுட்டர் ஒன்று வையுங்கள், ஓஎல்டியில் உங்கள் சீரியலுக்கு என்ன வேகம் எழுதியிருக்கிறது என்று முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள் என்றேன். இவ்வளவு பேசிவிட்டு அவருக்கு இந்த யோசனையைச் சொன்னது எனக்கே கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மாமாவும் அத்தையும் மட்டும் இருக்கிறார்கள், புகார் கொடுக்கப்போவது அவர்கள், 1452ஐ 1518ஆல் வகுத்துக்கொண்டு உட்கார அவர்களால் முடியாது. "சரி, ரெண்டு பெட்டிக்கு யூபிஎஸ்?" என்று மச்சான் கேட்டார். இரண்டு அவுட்புட் உள்ளது இப்போது கிடைக்கிறது, லிங்க் அனுப்புகிறேன் என்றேன்.